காறை எலும்புக்கு மேலே

வீட்டுக்குள்ளும் ஆறுமுகசாமி மப்ளரைக் கழற்றாததுதான் ஆயம்மாளுக்கு முதலில் உறுத்தியது. ஆடி மாதத்துக் குன்னூரில் மப்ளர் கட்டாத ஆண்பிள்ளை கிடையாது. அதிலும் இருபத்திரண்டு வருஷமாகத் தேயிலை ஃபாக்டரி லாரி ஓட்டுகிற மனுஷனுக்கு அது இன்னொரு தோல். ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுடச்சுட ராகிக் களியைக் கொள்ளு ரசத்தில் தோய்த்துச் சாப்பிடும்போது நெற்றியில் வேர்வை துளிர்க்கும். அப்போதும் அவர் கை கழுத்துக்குப் போகவில்லை. ஒருநாள் இவளாகவே, கழற்றுங்க, துவைத்துப் போடுகிறேன் என்று கையை நீட்டினாள். அவர் நாளைக்கு என்றார். அந்த நாளை பத்து நாள் ஆகியும் வரவில்லை.

பதினோராம் நாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது வெந்நீர்க் குண்டாவோடு சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவர் சட்டென்று இடது தோளைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் பார்த்துவிட்டாள். இடது காறை எலும்புக்கு மேலே இருக்கிற குழி மேடாகியிருந்தது. தோலுக்கு அடியில் நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை. குண்டாவை இறக்கி வைத்துவிட்டு விரலால் அழுத்தினாள். வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றார். அது கல்லைப்போல இருந்தது. தள்ளினால் நகரவும் இல்லை.

"நெறி கட்டுனா அதுக்குக் கீழே எங்கியோ புண்ணு இருக்கோணுமுங்க. உங்களுக்கு எங்கே புண்ணு?"

"புண்ணும் இல்லெ, ஒண்ணும் இல்லெ. ஸ்டியரிங்கப் புடிச்சுப் புடிச்சு நரம்பு சுருண்டுக்கிச்சு."

அவளுக்குத் தெரிந்த கணக்கு வேறு. காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். கையில் கத்தி பட்டால் அக்குளில் கட்டும். மகள் மல்லிகாவுக்குச் சின்ன வயதில் காது வலி வரும்போதெல்லாம் தாடைக்கு அடியில் கட்டியிருக்கிறது. கை காலில் ஒரு கீறல்கூட இல்லாமல் கழுத்துக்குக் கீழே போய் ஏன் கட்ட வேண்டும்? அதுவும் போகட்டும். இத்தனை நாள் ஏன் மறைக்க வேண்டும்? கட்டியைவிட அந்த இரண்டாவது கேள்விதான் அவளை அதிகமாகக் குடைந்தது.

ஃபாக்டரி டிஸ்பென்சரியில் செலஸ்டின் சிஸ்டர் பார்த்தாள். முப்பது வருஷ அனுபவம் உள்ளவள். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு முதல் ஊசி போட்டது அவள் கைதான். டீபியாக இருக்கலாம், இப்படித்தான் கழுத்தில் கட்டும் என்று சொல்லிக் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினாள். அங்கே சளி பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், எதிலும் ஒன்றும் தெரியவில்லை; ஆனாலும் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் தின்றார். அந்த மாத்திரையால் மூத்திரம் செம்மண் தண்ணீர்போலப் போனது. கட்டி கரையவில்லை. நெல்லிக்காய், எலுமிச்சம்பழமாக வளர்ந்தது. அப்புறம்தான் செலஸ்டின் சிஸ்டர், இதற்குமேல் இங்கே வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, கோயமுத்தூர் போங்கள் என்றாள்.

கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிக்குள் ஊசி விட்டு எடுத்துச் சோதித்தார்கள். நான்கு நாள் கழித்து இருவரும் முடிவு கேட்கப் போனார்கள். டாக்டர் தாளைப் பார்த்தார், ஆறுமுகசாமியைப் பார்த்தார், பிறகு ஆயம்மாளிடம், நீங்க கொஞ்ச நேரம் வெளியே இருங்கம்மா என்றார். வெளியே பெஞ்சு போட்டிருந்தது. எதிர்ச் சுவரில் எயிட்ஸ் பற்றிய விளம்பரம். அதில் ஒரு லாரி வரைந்திருந்தார்கள். லாரிக்குப் பக்கத்தில் ஒரு டிரைவர், ஒரு பெண்பிள்ளை. அது தொண்ணூற்றேழாம் வருஷம். அந்த மாதிரி விளம்பரம் இல்லாத சுவரே அப்போது கிடையாது. ஆயம்மாள் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறாள். அன்றைக்குத்தான் எழுத்துக்கூட்டி முழுதும் படித்தாள். உடம்பு இளைக்கும், காய்ச்சல் வரும், கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டும் என்று போட்டிருந்தது.

உள்ளேயிருந்து அவர் வருவதற்கு அரை மணிக்கு மேல் ஆயிற்று. முகம் கறுத்திருந்தது. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வந்தார். கழுத்துக் கட்டியைப் பார்க்க வேட்டியை எதற்கு அவிழ்க்க வேண்டும் என்று அவள் மனசு உடனே கேட்டது. வாய் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ் பர்லியாரில் நின்றபோது, அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, கேன்சராம் என்றார். ஆனால் கழுத்தில் உண்டானது இல்லையாம். உடம்பில் வேறு எங்கேயோ உண்டாகி இங்கே வந்து தங்கியிருக்கிறதாம். எங்கே என்று கேட்டாள். தேடுகிறார்கள் என்றார். ரத்தம் எடுத்தார்களா என்று கேட்டாள். எடுத்தார்கள் என்றார். எதற்கென்று கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்பது இமை துடித்ததில் தெரிந்தது.

ஒரு சீக்கு ஓரிடத்தில் பிறந்து இன்னோரிடத்தில் போய்த் தங்குமா? அவள் அப்படிக் கேள்விப்பட்டதே இல்லை. தனக்கு விளங்காது என்று தெரிந்து ஏதோ ஒரு கதையைச் சொல்கிறார் என்றே நினைத்தாள்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றும் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. கம்பெனிக்குக் கூடலூர் பக்கம் இன்னொரு ஃபாக்டரி உண்டு. வாரம் ஒருதரம் அவர் அங்கே போய்த் தூள் ஏற்றிக்கொண்டு வருவார். ஓர் இரவு அங்கேயே தங்குவார். இத்தனை வருஷமாக அந்த இரவைப் பற்றி அவள் யோசித்ததில்லை. இப்போது பீன்ஸ் நறுக்கும்போதும் மேரக்காய் சீவும்போதும் அந்த ஓர் இரவே கண்ணில் நின்றது. எங்கே தங்குகிறார், யார் சமைத்துப் போடுகிறார்கள், திரும்பி வரும்போது சட்டையை ஏன் அவரே அலசிப் போட்டுவிடுகிறார்? அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தாள். துண்டைத் தனியே காயப்போட்டாள். அவர் அதைக் கவனித்தார்; கேட்கவில்லை. கேட்காததையே அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள்.

புரட்டாசியில் மல்லிகா காரமடையிலிருந்து எட்டு மாதக் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தை தன் அப்பிச்சி ஆறுமுகசாமியைப் பார்த்துக் கையை நீட்டித் தாவியது. அவரும் எழுந்தார். ஆயம்மாள் குறுக்கே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். "அவருக்குக் கழுத்து வலி கண்ணு, தூக்க வேண்டாம்" என்றாள். வலி இல்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். நீட்டின கையை மடக்கி அவர் பீடியைத் தேடுகிற மாதிரிச் சட்டைப் பையைத் தடவினார். அவர் பீடியை விட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

மல்லிகா போன மறு வாரம், கொச்சிக்கு லோடு இருக்கிறது, திரும்ப ஆறு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அன்று எட்டு மணிக்கு ஆயம்மாள் வேலைக்குப் போனபோது லாரி ஃபாக்டரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அவள் வேலை சார்ட்டிங் ரூமில், தூளிலிருந்து நார் பொறுக்குவது. நேராக ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். ஆறுமுகசாமி ஆறு நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார், உனக்குத் தெரியாதா என்று கிளார்க் திருப்பிக் கேட்டான்.

தூள் பறக்கிற அந்த ரூமில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்து அவள் நார் பொறுக்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பக்கத்தில் இருந்தவள் இசக்கியம்மா. சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். பன்னிரண்டு வருஷமாக இருவரும் ஒரே பலகையில் வேலை. அவள் மெதுவாகக் கேட்கக் கேட்க ஆயம்மாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கட்டி, வேட்டி, சுவரில் இருந்த விளம்பரம், கூடலூர், லீவு. கடைசியில் அந்தச் சீக்கின் பேரையும் சொன்னாள். வாய்விட்டுச் சொன்ன பிறகு அது அவளுக்கே நிச்சயமாகிவிட்டது.

"நான் ஆருக்கும் கதைக்க மாட்டேன் தானே, நீ அழாதே" என்றாள் இசக்கியம்மா.

மறுநாள் லீவு போட்டு ஆயம்மாள் கூடலூர் பஸ் ஏறினாள். ஊட்டி தாண்டியதும் மழை பிடித்தது. பைக்காரா, நடுவட்டம் எல்லாம் ஜன்னல் கண்ணாடியில் வெள்ளையாகப் போயின. அந்தப் பெண்பிள்ளையைப் பார்த்தால் என்ன கேட்பது என்று வழி நெடுகத் தயார் செய்துகொண்டே போனாள். ஒருவேளை அவளுக்கும் சீக்காக இருந்தால்? அப்போது திட்ட வாய் வருமா? கூடலூரில் இறங்கி, லாரி டிரைவர்கள் தங்குகிற இடத்தை விசாரித்தாள். கருணாகரன் டீக்கடையைக் காட்டினார்கள்.

கருணாகரன் அறுபது வயது மலையாளி. அவள் யாரென்று தெரிந்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் சுற்றி வளைக்காமல், எங்கூட்டுக்காரர் இங்கே எந்த வீட்டில் தங்குவார் என்று கேட்டாள். அவருக்குக் கேள்வி உடனே புரிந்துவிட்டது. அதனால் சிரிக்கவில்லை. மாடிக்குக் கூட்டிப்போய் ஓர் அறையைத் திறந்து காட்டினார். நான்கு கயிற்றுக் கட்டில்கள். ஒன்றில் யாரோ ஒரு டிரைவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"ஈ மூலைக் கட்டில்தான் ஆறுமுகண்ணனுக்கு. வந்தா சட்டையை அலசிப் போடும், ரேடியோ கேக்கும், ஒறங்கும். வேற ஒண்ணும் இல்லா சேச்சி. நான் பதினெட்டு வருஷமா பாக்குது."

அவள் இறங்கி வந்தாள். அவர் கொடுத்த டீயைக் குடித்தாள். கருணாகரன் பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை. ஆனால் ஆண்களுக்கு ஆண்கள் மறைப்பதும் உண்டு என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது தோன்றியது. சந்தேகம் போகவில்லை, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் இன்னும் பெரிதாயிற்று.

ஆறாம் நாள் மத்தியானம் அவர் வந்தார். காலை அகட்டி அகட்டி, படி ஒவ்வொன்றிலும் நின்று ஏறினார். ஆயம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"கொச்சி லாரி ஃபாக்டரி வாசல்லயே நிக்குதுங்க. நான் கூடலூர் போய் வந்தேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "கூடலூர்ல என்ன?"

"அதத்தான் நீங்க சொல்லோணும்."

அவர் உள்ளே போய்ப் பாயில் ஒருக்களித்துப் படுத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அன்றைக்கு அவளை வெளியே அனுப்பிவிட்டு, டாக்டர் உறை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக விரல் விட்டுப் பார்த்தார். மூத்திரப் பைக்கு அடியில் ஆண்களுக்கு மட்டும் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில்தான் கேன்சர் பிறந்திருக்கிறது. ஒன்றுக்குப் போவதில் ஒரு தொந்தரவும் இல்லை, ஒரு வலியும் இல்லை. பக்கத்தில் இருக்கிற நெறியையெல்லாம் விட்டுவிட்டு இத்தனை தூரம் ஏறிக் கழுத்தில் வந்து கட்டியிருக்கிறது. டாக்டருக்கே அது புதுமையாகத்தான் இருந்ததாம். ரத்தம் எடுத்துப் பார்த்து ஊர்ஜிதம் செய்தார். ஆம்பளைச் சத்துதான் அந்தக் கேன்சருக்குத் தீனியாம். அதை நிறுத்தினால் அது சுருங்குமாம். மாதாமாதம் ஊசி போடுவது நமக்குக் கட்டாது. இன்னொரு வழி ஆப்பரேஷன்.

"என்னத்த எடுத்தாங்க?" என்றாள்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "காயடிச்ச மாடாட்ட ஆயிட்டேன், ஆயம்மா. இதை எப்படி வந்து உங்கிட்ட சொல்லச் சொல்றே?"

சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்துப் பாயில் போட்டார். எல்லாம் இங்கிலீஷ். அவள் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். புண்ணுக்குத் துணி மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அவற்றுக்கு நடுவில் வெட்கம்கெட்ட அந்தச் சந்தேகமும் இன்னும் உயிரோடுதான் இருந்தது. மறுநாள் காலை காகிதங்களை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனாள்.

செலஸ்டின் சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொரு தாளாகப் படித்தாள். எயிட்ஸுக்கும் பார்த்திருந்தார்கள்; இல்லை என்று போட்டிருந்தது. பேர், வயது, தேதி எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்டினாள். மற்றதும் அவர் சொன்ன மாதிரியே இருந்தது.

"வயித்துக்குக் கீழே இருக்கிறது கழுத்துக்கு எப்படி வரும் சிஸ்டர்?"

"ரத்தக் குழாய் மாதிரியே நிணநீர்க் குழாய்னு உடம்புல இருக்கு ஆயம்மா. இடுப்புக்குக் கீழே இருந்து வர்றது முதுகெலும்பை ஒட்டி மேலே ஏறி, இந்த இடது காறை எலும்புக்குப் பின்னாலதான் போய் ரத்தத்துல கலக்கும். வழியில தங்காம வந்துட்டுது. நானும் டீபின்னு ரெண்டு மாசத்தைப் போக்கிட்டேன். நீ நெறிக்குக் கீழே புண்ணு எங்கேன்னு கேட்டியாமே. சரியான கேள்விதான். நாங்க யாரும் அத்தனை கீழே தேடலை."

ஆயம்மாள் காகிதங்களை மடித்தாள். வீட்டுக்கு வந்ததும் அவருடைய தட்டையும் டம்ளரையும் மற்றவற்றோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஐப்பசி மழை முடிவதற்குள் கட்டி பாதியாகியது. கார்த்திகையில் தடவிப் பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்குச் சுருங்கியது. அவருக்கு விறைக்கிற குளிரிலும் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும். சட்டையைத் திறந்துவிட்டு வாசலில் போய் நிற்பார். அது ஆப்பரேஷனால் வருவதாம். தேறிவிட்டது என்று லாரிக்குத் திரும்பினார். அன்றைக்கு லோடு ஏற்றுகிற ஆட்கள் ஒருவனும் கேபினில் ஏறவில்லை. பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்து நனைந்துகொண்டு வந்தார்கள். டீக்கடையில் அவருக்குப் பழைய அலுமினிய டம்ளரில் ஊற்றினார்கள். சார்ட்டிங் ரூமில் ஆயம்மாளின் பலகையில் இரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்தார்கள். கேன்சர்தான் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கேன்சர் என்றால் முடி கொட்டாதா, கட்டி தானாகக் கரையுமா, யாரிடம் கதை விடுகிறாய் என்கிற மாதிரி எல்லோரும் பார்த்தார்கள்.

இப்போது சந்தேகம் அவரைப் பிடித்துக்கொண்டது. எயிட்ஸ் என்கிற இந்தப் பேச்சை யார் கிளப்பியது என்பதையே யோசித்தார். முதலில் கிளார்க் என்றார். பிறகு கருணாகரன் என்றார். கடைசியில் செலஸ்டின் சிஸ்டர் என்று முடிவு கட்டினார். எயிட்ஸ் டெஸ்ட் எடுத்தது அந்தக் காகிதத்தைப் படித்தவளுக்குத்தானே தெரியும்? எதிரில் வந்த சிஸ்டரை முகம் பார்க்காமல் கடந்தார். அவள் வணக்கம் சொன்னதற்குக் காறித் துப்பினார் என்று யாரோ வந்து சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மானேஜருக்கு மனு எழுத உட்கார்ந்தார். நோயாளியின் ரகசியத்தை வெளியே விட்ட நர்சை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று ஒவ்வொரு வரியாக எழுதி, சரியாக இருக்கிறதா என்று ஆயம்மாளுக்கு வாசித்துக் காட்டினார்.

அவள் அரிசியும் பருப்பும் ஒன்றாகக் களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. பேசாமல் இருந்துவிடலாம். அவருக்குத் தெரியப் போவதில்லை. ரிட்டயராக எட்டு மாதம்கூட இல்லாத அந்தச் சிஸ்டர் என்ன சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை.

"சிஸ்டர் இல்லீங்க. நான்தானுங்க சொன்னேன். இசக்கியம்மாகிட்ட."

அவர் பேனாவை வைக்கவில்லை. "எப்போ?"

"நீங்க லீவு எழுதிக் குடுத்துட்டுப் போன அன்னிக்கு."

"அன்னிக்கு நான் ஆப்பரேஷன் டேபிள் மேல கெடந்தேன்."

"எனக்குத் தெரியாதுங்களே."

அவர் காகிதத்தை நான்காக, எட்டாக மடித்தார். "எம்மேல நம்பிக்கை உனக்கு எப்போ போச்சு? கட்டி வந்தப்பவா?"

"கட்டி வந்தப்போ இல்லீங்க. நீங்க திரும்பிக்கிட்டப்போ."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாலு நாளும் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல், "சொன்ன வாயால உள்ளதையும் சொல்லிப்போடு" என்றார். எல்லாவற்றையுமா என்று கேட்டாள். "எல்லாத்தையும். பாதி சொன்னா நம்ப மாட்டாங்க. இன்னிக்கு நான் மேட்டுப்பாளையம் போறேன். நான் ஊர்ல இல்லாதப்போ சொல்லு."

பத்து மணி டீக்கு மிஷின் நின்றபோது ஆயம்மாள் சொன்னாள். இசக்கியம்மாவிடம் மட்டுமல்ல, ரூமில் இருந்த பதினாலு பேர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள். எங்கே பிறந்தது, எப்படிக் கழுத்துக்கு ஏறியது, எதை எடுத்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் அவரை என்னவென்று நினைத்தாள் என்பதையும் சொன்னாள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பா வேறென்னவா என்று ஆயம்மாள் பார்க்கவில்லை. இசக்கியம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஆறுமுகசாமி டிஸ்பென்சரிக்குப் போய் ஒருநாள் நின்றார். என்ன பேசினார் என்று இரண்டு பேருமே ஆயம்மாளிடம் சொல்லவில்லை. லோடு ஆட்கள் ஒவ்வொருவராகக் கேபினுக்குத் திரும்பினார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பேர் வைத்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புருஷன் பெண்சாதி இடையே பேச்சு முன்மாதிரி ஆக ஒரு வருஷம் பிடித்தது. முழுதும் ஆனதென்று சொல்ல முடியாது. அவர் வீட்டுக்குள் வரும்போது ஒரு செருமல் போட்டுவிட்டு வருகிற பழக்கம் அப்போது வந்ததுதான், கடைசிவரை போகவில்லை.

ஆப்பரேஷன் ஆகிக் கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு மாசி மாதக் காலை. தேயிலைச் செடியெல்லாம் உறைபனியில் கருகிக் கிடந்தது. ஆயம்மாள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"ஆயம்மா, கையைக் குடு" என்று வாங்கி, வலது அக்குளுக்குள் வைத்தார். "நேத்து இல்லெ. இப்பத்தான் தட்டுப்படுது."

அவள் விரலால் அழுத்தினாள். இரண்டு இருந்தன. ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று.

"கல்லாட்ட இருக்குதுங்க."

"ஆமா."

அடுப்பில் இருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். அவருடைய சட்டையை வாங்கிப் பொத்தான்களைத் தானே போட்டுவிட்டாள். ஏழு மணிக்குக் கோயமுத்தூர் பஸ்.